ஸ்பேசரா, நெபுலைசரா? வீசிங் பிள்ளை உள்ள வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

மெடிக்கல் ஷாப்பில் ஸ்பேசர் கேட்டால் கையில் கொடுப்பது, இன்ஹேலர் மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்க உதவும் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் இன்ஹேலரைச் செருக ரப்பர் வாய் இருக்கும். மறுமுனையில் உதட்டால் கவ்விக்கொள்ள ஒரு குழல், அதற்குள் மூச்சை இழுத்தால் திறந்து, விட்டால் மூடிக்கொள்ளும் மெல்லிய வால்வு. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த முனையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் சிலிக்கான் மாஸ்க்கை மாட்டிக்கொள்ளலாம். மோட்டார் கிடையாது, கரண்ட் வேண்டாம், சத்தமும் வராது. மாஸ்க்கோடு சேர்த்து நான் கொடுத்தது 500 ரூபாய்க்குள்தான். மகனுக்கு 3 வயதில் வாங்கினோம், இப்போது அவனுக்கு 6. எங்கள் வீட்டுச் சாமான்களில் இந்தக் குழாய் அளவுக்கு உழைத்தது வேறு எதுவும் இல்லை. கம்பெனி பெயர் சொல்லாமலே எழுதுகிறேன். வால்வும் மாஸ்க்கும் உள்ள வகையாக இருந்தால் யார் செய்தாலும் வேலை ஒன்றுதான்.

நாங்கள் இருப்பது வடசென்னையில் எர்ணாவூர். எண்ணூர், மணலி, காட்டுக்குப்பம், திருவொற்றியூர் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் என்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கும் சாலை எங்களுடையது. மேற்கே மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயனத் தொழிற்சாலைகளும். வடக்கே நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து கிடப்பதைப் பேப்பரில் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். இந்த வட்டாரத்தில்தான் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எந்த வருடம் எந்த வகுப்பு கொடுத்தாலும், "மிஸ், எனக்கு வீசிங், ஓடக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க" என்று சொல்கிற பிள்ளைகள் இருப்பார்கள்.

பிள்ளைக்கு வீசிங் என்று தெரிந்தவுடன் எங்கள் பக்கம் முதலில் வாங்குவது, திரவ மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மாஸ்க் வழியே கொடுக்கும் நெபுலைசர் மெஷின். 2000 ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். அதற்கு வழியில்லாதவர்கள் கிளினிக்குக்கு ஓடுவார்கள். இழுப்பு பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் முற்றும். அந்த நேரத்து ஆட்டோ, கிளினிக் ஃபீஸ், மருந்து எல்லாம் சேர்ந்து ஒரு தொகை. மறுநாள் அம்மாவோ அப்பாவோ வேலைக்குப் போக முடியாது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற அம்மா ஒரு காலை போகவில்லை என்றால் அன்றைக்கு வருமானம் இல்லை. பிள்ளைக்கு ஸ்கூல் போகும், அக்கா தம்பிக்குத் தூக்கம் போகும். ஆஸ்துமாவைத் தனி ஒருவரின் நோயாக நினைக்கிறோம். அது ஒரு ராத்திரியில் மொத்த வீட்டையும் உட்கார வைத்துவிடும்.

எங்களுக்கு ஸ்பேசரைக் காட்டியது ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் இருந்த நர்ஸ் அக்கா. "மெஷின் வாங்கணும்னு ஆசைப்பட்டா வாங்கிக்கோம்மா. ஆனா அதே மருந்து இதுல போகும். கரண்ட் போனாலும் போகும், பஸ்ஸுல போகும்போதும் போகும்" என்றார். அவர் சொன்னதற்கு நல்ல ஆதாரம் இருப்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் முடிவு தெளிவாக இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான கட்டத்துக்குப் போகாத இழுப்பில் ஸ்பேசரோடு கொடுக்கும் இன்ஹேலர் நெபுலைசருக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பிள்ளைகள் எமர்ஜென்சியில் இருக்க வேண்டிய நேரமும் குறைகிறது, நெஞ்சுப் படபடப்பும் குறைகிறது. மெஷினில் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போலப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். இதில் ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை முடியும்.

இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பம்பை அழுத்தும்போது மருந்து பாடி ஸ்பிரே மாதிரி பீறிட்டு வருகிறது. அழுத்தும் அதே நொடியில் மெதுவாக, ஆழமாக மூச்சை இழுத்தால்தான் அது நுரையீரலுக்குப் போகும். பெரியவர்களில் பாதிப் பேருக்கு இந்தத் தாளம் வராது. மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எங்கே வரும்? மருந்து தொண்டையில் மோதி அங்கேயே தங்கிவிடும். ஸ்பேசருக்குள் அடித்தால் வேகம் தணிந்து, பெரிய துளிகள் குழாயில் ஒட்டிக்கொள்ள, நுண்ணிய துளிகள் மிதந்துகொண்டிருக்கும். பிள்ளை சாதாரணமாக மூச்சு விட்டாலே உள்ளே போய்விடும்.

செய்முறை சொல்கிறேன். பெட்டிக்குள் இருந்த காகிதம் பொடி எழுத்தில் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் பக்கத்துத் தாய்மார்களில் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள்? இது இந்தப் பொருளின் பெரிய குறை. இன்ஹேலர் மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் செருக வேண்டும். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, மாஸ்க்கைக் கன்னத்தோடு இடைவெளி இல்லாமல் பொருத்த வேண்டும். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் மருந்து கண்ணுக்குத்தான் போகும். ஒரே ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு போகும்வரை மாஸ்க்கை எடுக்கக் கூடாது. வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வழியாகத் தெரியும். என் மகன் அதைப் பார்த்துக்கொண்டே விரல் மடக்குவான். ஆறாவது விரலுக்கு என் கட்டை விரலை எடுத்துக்கொள்வான். இன்னொரு பஃப் தேவை என்றால் மறுபடி குலுக்கி, மறுபடி முதலிலிருந்து. சேர்த்து இரண்டு அடித்தால் சீக்கிரம் முடியும் என்று சிலர் செய்கிறார்கள், மருந்துதான் வீணாகும். பிள்ளை வீறிட்டு அழும்போது உள்ளே போவது ரொம்பக் குறைவு. அதனால் நோயில்லாத நாட்களில் வெறும் மாஸ்க்கைக் கரடி பொம்மைக்கும் தாத்தாவுக்கும் வைத்து விளையாடிப் பழக்கினோம். 4 வயதுக்கு மேல் பிள்ளை ஒத்துழைத்தால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வாய்க்குழலை நேராகக் கவ்வச் சொல்லலாம். மூக்கு வழியே போகாமல் வாய் வழியே போவதால் அதுதான் மேல். மகன் இப்போது அப்படித்தான் எடுத்துக்கொள்கிறான்.

கழுவும் விஷயத்தில் எல்லா வீட்டிலும் கவனம் வேண்டும். புதிதாக வாங்கியதை ஒருமுறை கழுவிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பிறகு வாரம் ஒரு தடவை போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து அலசி, அப்படியே நிறுத்திக் காயவிட வேண்டும். துணியால் துடைக்கவே கூடாது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி, மருந்துத் துகள்கள் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். மாமியார் எந்தப் பாத்திரத்தையும் ஈரத்தோடு விடமாட்டார். ஸ்பேசருக்கு மட்டும் அலமாரியில் தனி மூலை ஒதுக்கி, "இது தானா காயட்டும், யாரும் தொடாதீங்க" என்று அவரே காவல் இருக்கிறார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பையில் அடங்காது, ஸ்கூல் பையில் டிபன் பாக்ஸ் அளவு இடம் பிடிக்கும். மாஸ்க் அளவு சரியாக அமையாவிட்டால் மொத்தப் பொருளும் வீண். பெட்டியின் மேல் வயது போட்டிருந்தாலும் முகத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் சரி, கடையில் பெட்டியைப் பிரிக்க விடமாட்டார்கள். வால்வு நாளடைவில் விறைத்துப்போகும் அல்லது ஓரம் மடங்கும், அப்போது மாற்றியே ஆக வேண்டும். நாங்கள் ஒரு முறை மாற்றினோம். எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம், கடைக்காரர் எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டுவதில்லை. பிரிஸ்கிரிப்ஷனை வாங்கி, பெட்டியைப் பையில் போட்டு, பில் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். டாக்டரிடமோ நர்ஸிடமோ அங்கேயே ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் செய்து காட்டி, சரியா என்று கேளுங்கள். கூட்டம் இருந்தாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

ஸ்பேசர் வெறும் குழாய், அதற்குள் போகும் மருந்துதான் முக்கியம். இரண்டு வகை மருந்து உண்டு. சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிப்பது சல்பியூட்டமால். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிப்பது புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு. பம்பின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தை நம்ப வேண்டாம். நான் மார்க்கர் பேனாவால் ஒன்றில் "தினம்" என்றும் இன்னொன்றில் "அவசரம்" என்றும் எழுதியிருக்கிறேன். வீட்டில் யார் எடுத்தாலும் குழப்பம் வராது. "தினம்" எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். இழுப்பு வந்தால் "அவசரம்" எத்தனை பஃப், எவ்வளவு இடைவெளி என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் "அவசரம்" மட்டும்தான் இருக்கிறது. என் கணவரின் பெரியப்பா லாரி ஷெட்டில் வேலை பார்த்தவர். பல வருடமாக ஒரே பம்ப், முட்டும்போது ஓர் அழுத்து, அவ்வளவுதான். ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜீனா அமைப்பு 2019-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் விரிக்கும் மருந்தை மட்டும் கொடுத்து விடக் கூடாது, ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர்ந்தே இருக்க வேண்டும். வீக்கம் உள்ளே அப்படியே இருக்க, மேலுக்கு மூச்சு மட்டும் லேசாவது ஆபத்து. டாக்டர் மாற்றி எழுதிக் கொடுத்த பிறகு பெரியப்பாவும் ஸ்பேசரில்தான் எடுக்கிறார். இது குழந்தைச் சாமான் என்று ஆரம்பத்தில் கூச்சப்பட்டார்.

இந்த "தினம்" பம்ப் போகாத வீடுகளின் கணக்கு நாட்டளவில் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.4 கோடிப் பேர். உலக ஆஸ்துமா நோயாளிகளில் இது 13 சதவீதம். உலகத்தில் ஆஸ்துமாவால் நேரும் சாவுகளிலோ 42 சதவீதத்துக்கு மேல் நம் நாட்டில். நமக்கு வரும் ஆஸ்துமா தனி ரகம் ஒன்றும் இல்லை, மருந்து போய்ச் சேரவில்லை. குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க் இந்தியாவில் 1.25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், வீசிங் இருப்பவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் அது ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவே இல்லை. கடுமையான அறிகுறி உள்ளவர்களிலும் 100-க்கு 70 பேர் அப்படித்தான். "சளி கட்டியிருக்கு", "அவனுக்குக் குளிர்ந்த உடம்பு", "வளர்ந்தா சரியாயிடும்" என்று நாள் ஓடிவிடுகிறது.

சொல்லியிருந்தாலும் பம்ப் என்றவுடன் பயம். "பழகிடும், அப்புறம் விட முடியாது" என்று என்னிடம் சொல்லாத உறவுக்காரர் இல்லை. பழக்கமாகிற சரக்கு அதில் இல்லை. ஸ்டீராய்டு பற்றி டாக்டர் மறைக்காமல் சொன்னார்: வளர்ந்து முடிக்கும்போது உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் போல வித்தியாசம் வரலாம், ஆனால் கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும், மாதாமாதம் மாத்திரையும் ஊசியுமாகப் போவதைவிட இதில் உடம்புக்குள் போகும் அளவு மிகவும் சிறியது, மைக்ரோகிராம் கணக்கு. எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஜூன் மாதம் ஹைதராபாத்தில் மிருகசீரிஷக் கார்த்தியன்று ஆஸ்துமாவுக்கென்று உயிர் மீனோடு மருந்து விழுங்கப் போகிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அதற்கு அறிவியல் நிரூபணம் கிடையாது. நம்பிக்கையோடு போகிறவர்களைத் தடுத்துப் பார்த்துவிட்டேன், நடக்கவில்லை. இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: போகும்போது பையில் பம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், வந்த பிறகும் அதை நிறுத்தாதீர்கள்.

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் கஷ்டம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் பம்பைப் பையின் அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தாள். முட்டினாலும் எல்லோர் முன்னாலும் எடுக்க மாட்டாள், டாய்லெட்டுக்குப் போய்தான் அடிப்பாள். வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், நாளைக்குக் கல்யாணம் பேசும்போது தெரிந்தால் பிரச்சினையாம். பத்து வயதுப் பிள்ளை! வகுப்பில் நான் இன்ஹேலர் பிறந்த கதையைச் சொன்னேன். 1950-களில் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனித் தலைவரின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. தலைக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்து ஏன் வரக்கூடாது என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். 1956-இல் அளவாக மருந்தைப் பீச்சும் முதல் பம்ப் விற்பனைக்கு வந்தது. கேட்டுவிட்டு மற்றப் பிள்ளைகள், "அப்போ ஆஸ்துமா இருக்கிற பொண்ணுதான் கண்டுபிடிச்சாளா மிஸ்?" என்றார்கள். இந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். இப்போது பம்ப் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது.

500 ரூபாய் கூட இல்லாத வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு நான் சொல்வது தென்னாப்பிரிக்க வழி. கேப் டவுனில் குழந்தைகள் மருத்துவர் ஹெதர் ஸாரும் அவருடைய குழுவும் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்குச் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, சுற்றிலும் பசையால் அடைத்து, அதையே ஸ்பேசராக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கே அது வேலை செய்ததாக 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஓட்டை இறுக்கமாக இருக்க வேண்டும், பாட்டில் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும். டாக்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு பயன்படுத்துங்கள். வெறும் டம்ளரை முகத்தில் கவிழ்த்து அடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஸ்பேசரால் ஆகாத காரியமும் உண்டு, காற்றை அது சுத்தம் செய்யாது. போகியன்று விடியற்காலையில் டயரும் பழைய பாயும் எரிந்து தெருவே தெரியாமல் போகும்போது, "தினம்" ஒழுங்காக எடுத்த என் மகனுக்கும் நெஞ்சு இழுக்கத்தான் செய்கிறது. பார்சிலோனாவில் நடந்ததைப் படித்தபோது நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. அதுவும் துறைமுக நகரம். 1981-இலிருந்து 1987 வரை சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் ஆஸ்துமா நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் துருவிக் கண்டுபிடித்தது: துறைமுகத்தில் கப்பலிலிருந்து சோயா பீன்ஸை இறக்கிய நாட்களும் அவையும் ஒன்றே. சேமிப்புக் கிடங்கில் தூசி வெளியேறாமல் தடுக்கும் ஃபில்டர் இல்லை. ஃபில்டர் போட்டார்கள், அந்தத் தொடர் தாக்குதல் நின்றது. நோயாளிகள் யாரும் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. மூச்சு முட்டிய நாளையும் காற்றில் கலந்ததையும் யாரோ பொறுமையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் நடந்தது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பள்ளிகளிலும் அப்படி ஒரு நோட்டு வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் பள்ளியில் வீசிங்கால் வராத பிள்ளைகளின் நாளைத் தனியாகக் குறிக்க ஆரம்பித்திருக்கிறோம்.

பள்ளியிலும் ஒரு ஸ்பேசர் வாங்கி ஹெச்.எம். அறை அலமாரியில் வைத்திருக்கிறோம். வாய்க்குழலை ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் கழுவிக் காயவிட வேண்டும் என்பதால் அவசரத்துக்கு மட்டும்தான். பம்ப் அவரவர் வீட்டிலிருந்து வருகிறது, எத்தனை பஃப் என்ற டாக்டரின் தாளும் கூடவே. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வரும் மாநிலம் இது. அதே பையில் ஒரு "தினம்" பம்பும் ஒரு ஸ்பேசரும் வந்தால் இந்த வட்டாரத்தில் எத்தனையோ ராத்திரிகள் மாறும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: வால்வு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மாஸ்க்கைத் தனியாகக் கழற்ற வரும் வகையாகப் பாருங்கள், பிள்ளை வளர்ந்ததும் குழாயை மாற்றத் தேவையில்லை. உங்கள் இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிக் காட்டச் சொல்லுங்கள், சில ரப்பர் வாய்கள் தளர்வாக இருக்கின்றன. இன்ஹேலரில் மிச்சம் எத்தனை என்று காட்டும் எண் இல்லாவிட்டால் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளிழுத்தால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் பிள்ளை திணறினால், உதடு நீலம் பாரித்தால், ஸ்பேசரை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை "அவசரம்" மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.